வா என்றால் போ

வாமதேவன் வீட்டில் பல வருடமாக ஒருவரும் "வா" என்று சொன்னதில்லை. வாசலில் விருந்தாளியைக் கண்டால் அவருடைய மனைவி கோசலை, "ஏறுங்கோ, உள்ளுக்கு ஏறுங்கோ" என்பாள், ஏதோ பஸ்ஸுக்கு ஆள் பிடிக்கிற மாதிரி. ரெலிபோனில் "இந்தா வாறன்" என்று தொடங்கிப் பாதியில் விழுங்கிவிட்டு, "வெளிக்கிட்டிட்டன்" என்று முடிப்பாள். யாழ்ப்பாணத்துச் சனம் குடியிருக்கிற வீட்டில் வா, வாங்கோ, வாறன் இல்லாமல் என்ன கதை நடக்கும் சொல்லுங்கள்? ஆனால் நடந்தது. எல்லாம் ஒரு நாய்க்காக.

நாய் என்றால் கட்டிலுக்குக் கீழே குனியாமல் போய்வருகிற கட்டை நாய். தெக்கெல் என்று பிரெஞ்சில் சொல்வார்கள். பாரிசில் அவர்கள் குடியிருக்கிற ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கண்டுவிட்டு, "என்னண்ணை, உதுக்குக் கால் வளர மறந்துபோச்சோ?" என்று பகிடி பண்ணுவார்கள். வாமதேவன் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அது காட்டுப்பன்றி தேடுகிற நாய் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள், ஏன் சும்மா வாயைக் கொடுப்பான்?

உண்மை அதுதான். காரில் அடிபட்டோ, வேட்டைக்காரனின் வெடி சரியாகப் படாமலோ ஒரு பன்றி காட்டுக்குள் ஓடிவிட்டால், அது ஏதோ ஒரு பற்றைக்குள் கிடந்து அணு அணுவாகச் சாகும். அப்படி விடக்கூடாது என்பது அங்கே ஒழுங்கு. இரத்த மணம் பிடிக்கப் பழக்கிய நாயை நீளக் கயிற்றில் கொண்டுபோய்த் தேடிக் கண்டுபிடித்து, ஒரே வெடியில் அதன் வேதனையை முடிக்க வேண்டும்.

வாமதேவனுக்கு இதைச் சொன்னவர் அவருடைய முதலாளி ழான்-லூக். தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்குக் கிட்ட உணவகம் வைத்திருக்கிறவர், வேட்டைப் பைத்தியம். சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற வாமதேவனிடம், "காயப்பட்டதைத் தேடாமல் விடுகிறது மனிதத்தனம் இல்லை, வாமா. அது பன்றியாக இருந்தாலும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வாமதேவன் கத்தியை வைத்துவிட்டுக் குளிர் அறைக்குள் போய் நின்று அழுதார். 2009 மே மாதம் அவருடைய தம்பி வன்னியில் காலில் காயத்தோடு கிடந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. தேடிப் போக ஒருத்தரும் இருக்கவில்லை, தமையன் பாரிசில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த வேட்டைக்கு ழான்-லூக்கோடு காட்டுக்குப் போனவர்தான், பிறகு போகாமல் விடவேயில்லை.

ழான்-லூக்கின் முழங்கால் பழுதாகி, பற்றைக்குள் தவழ முடியாமல் போனபோது, புதுக் குட்டியை வளர்க்கிற பொறுப்பு வாமதேவனின் தலையில் விழுந்தது. பிரான்சில் சாதி நாய்க்குப் பேர் வைக்கவும் ஒரு முறை உண்டு. வருடத்துக்கு ஓர் எழுத்து. அந்த வருடம் 'க' வரிசை.

"உன்ரை எழுத்துத்தான் வந்திருக்கு. கோசலை எண்டே வைப்பமோ?" என்று வாமதேவன் சீண்டினார்.

"வைச்சுப் பாருங்கோவன். பிறகு சோறு ஆர் போடுறதெண்டு பாப்பம்."

கடைசியில் குஞ்சு என்று வைத்தார். அது கோசலை தன் மகள் மிருணாளினியைச் சின்னனில் கூப்பிட்ட பேர். மகள் இப்போது கலியாணம் முடித்து செவ்ரானில் இருக்கிறாள். "பிள்ளையைக் கூப்பிட்ட பேரை நாய்க்கு வைச்சிட்டியளே, நீங்களும் ஒரு மனிசனே!" என்று கோசலை கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அவளுக்கு நாய் வேண்டாம். சாமிப்படம் இருக்கிற வீட்டில் நாயா? அதிலும் நாயைப் பழக்கப் பன்றி இரத்தம் வேண்டுமே! ழான்-லூக் போத்தலில் அடைத்துக் கொடுப்பார். அது குளிர்ப்பெட்டியில், துருவின தேங்காய்ப்பூவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் உறைந்துபோய் இருக்கும். வாமதேவன் அதை இளக்கி, புல்லுத் தரையில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு நடந்து, மறுநாள் குஞ்சை அந்தத் தடத்தில் விடுவார். ஒருநாள் கோசலையின் சிநேகிதி தில்லைநாயகி ஐஸ் எடுக்கப் பெட்டியைத் திறந்து, "இதென்னடி, பீற்றூட் யூஸோ?" என்று கேட்டுவிட்டாள். கோசலை ஓம் என்று சொல்லித் தப்பினாள். தில்லைநாயகி தனக்கும் ஒரு கிளாஸ் கேட்டதுதான் வினையாகப் போய்விட்டது.

வீட்டை விட்டு "வா" போன கதையும் அதே தில்லைநாயகியாலேதான் வந்தது. பிரெஞ்சில் "வா" என்றால் "போ". கயிற்றைக் கழற்றி நாயைப் பன்றிக்குப் பின்னால் அனுப்புகிற சொல் அது. திரும்பக் கூப்பிடுகிற சொல் "இசி". ழான்-லூக்கும் அந்த நாயோடு வேலை செய்ய வேண்டியவர் என்பதால் கட்டளையெல்லாம் பிரெஞ்சில்தான். வாமதேவன் குட்டிக்கு அந்த இரண்டு சொல்லையும் ஊட்டி ஊட்டிப் பழக்கினார். ஒரு நாள் பின்னேரம் தில்லைநாயகி தேர்த்திருவிழா நோட்டீசோடு வந்து மணி அடித்தாள். கோசலை கதவைத் திறந்து, "வா, வா!" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். குஞ்சு இருவரின் காலுக்கும் நடுவால் பாய்ந்து, படியால் உருண்டு, திறந்து கிடந்த தெருக்கதவால் ரூ பஜோலுக்கு ஓடிவிட்டது. லொறிக்காரன் பிரேக் அடித்த சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. வாமதேவன் ஓடிப்போய் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினார்.

"இண்டையிலையிருந்து இந்த வீட்டிலை வா இல்லை," என்றார். "ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து இருந்தால் நாய் குழம்பும். குழம்பின நாய் பன்றிக்கு முன்னாலை செத்துப்போம்."

"வீட்டுக்கு வந்தவையை வா எண்டு சொல்லேலாத வீடும் ஒரு வீடோ?"

"சொல்லாதை எண்டால் சொல்லாதை, கோசலை."

அவள் முறைத்துக்கொண்டு போனாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் காதுபட அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நாய் வேண்டாம் என்றவள்தான் அதற்குச் சட்டையும் தைத்தாள். பன்றியின் கோரைப்பல் கத்திக்கு நிகர், ஒரு தட்டில் வயிறு திறந்துவிடும். அதற்கென்று கத்தி ஏறாத துணியில் காப்புச் சட்டை விற்கிறார்கள், ஆனால் பெரிய நாய்க்குத்தான் சரிவரும். கோசலை லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் ரவிக்கை தைக்கிறவள். பெரிய சட்டையொன்றைப் பிரித்து, குஞ்சின் நீள உடம்புக்கு அளவெடுத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இரட்டை மடிப்பு வைத்துத் தைத்தாள். அந்தத் துணியில் ஊசி முறிந்துகொண்டேயிருந்தது. ஒவ்வோர் ஊசிக்கும் ழான்-லூக்கின் பரம்பரையை ஏசினாள். காட்டுக்குப் போகிற நாளெல்லாம் அவளே அதைப் போட்டு, பட்டியை இழுத்துப் பார்த்து, "கழுத்துத்தான் வெளியிலை நிக்குது, பாத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பாள்.

"கழுத்தை மூடினால் மூச்சு விடாது," என்பார் வாமதேவன்.

இப்படியே சில வருடம் நன்றாகப் போனது. குஞ்சு கெட்டிக்காரி. தடம் பிடிக்கிற பரீட்சையில் தேறினாள். எத்தனையோ பன்றியைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தால் கிட்டப் போகமாட்டாள். பல்லு எட்டாத தூரத்தில் நின்று குரைத்து, வெடிக்காரன் வரும்வரை அதை நிறுத்தி வைப்பாள். ஒருமுறை சேற்றுக்குள் செத்துக் கிடந்த பன்றியைக் காட்டிவிட்டு, வாமதேவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தச் சேற்றிலேயே முழங்காலில் இருந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்குத் தம்பியை நினைத்தார், ஆனால் அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

2019 ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, மொன்மொரன்சிக் காட்டோரத் தெருவில் ஒரு பன்றி வான் வண்டியில் அடிபட்டு ஓடிவிட்டதென்று ழான்-லூக்குக்கு அழைப்பு வந்தது. கோசலை சட்டையைப் போட்டு அனுப்பினாள். தெருக்கரையில் கண்ணாடித் துண்டும் கொஞ்சம் மயிரும் இரத்தமும் கிடந்தன. குஞ்சு மூக்கை ஒருதரம் வைத்தாள், கயிறு இறுகியது. வாமதேவன் பின்னால் குனிந்தும் தவழ்ந்தும் போனார். ழான்-லூக் வேட்டைத் துவக்கோடு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பன்றி சாகவில்லை. முட்பற்றைக்குள்ளிருந்து இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. பின்னங்கால் ஒன்றை இழுத்தாலும் ஓட்டம் குறையவில்லை. வாமதேவன் கயிற்றைக் கழற்றினார். "வா!" என்றார். குஞ்சு அம்பாகப் பறந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்றி ஒரு விழுந்த மரத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றது. குஞ்சு பழக்கினபடியே தூர நின்று குரைத்துக்கொண்டிருந்தாள். ழான்-லூக் துவக்கைத் தூக்கினார், இறக்கினார். நாய் குறுக்கே நின்றது.

"கூப்பிடு அவளை! கூப்பிடு!"

அந்த நேரம் பன்றி தலையைத் தாழ்த்தியது. பிடரி மயிர் நட்டுக்கொண்டு எழும்பியது. இப்போது பாயப்போகிறது என்று வாமதேவனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். "இசி" வரவில்லை.

"வா! குஞ்சு, வா! வாம்மா!"

பயத்தில் எந்த மனிசனுக்குப் பிறத்தியார் பாசை வரும்? வீடு முழுக்க வாயைக் கட்டிவைத்த மனிசன், தானே கத்தினார். குஞ்சு ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவர் சொல்லி அவள் கேட்காத நாள் இல்லை. போ என்று இவ்வளவு கெஞ்சுகிறாரே, போகாமல் விடுவாளா? குரைப்பை நிறுத்திவிட்டு நேரே பன்றியின் வாய்க்குள் போனாள்.

பன்றி அவளை மேலே தூக்கி எறிந்தது, விழ முதல் இன்னொருதரம் தட்டியது. அவள் ஒரு பக்கம் போய் விழுந்த அதே நேரம் வெடி கேட்டது, பன்றி சரிந்தது. குஞ்சு அலறிக்கொண்டு எழும்பி, இரத்தம் ஒழுக ஒழுக ஓடி, ஒரு பெரிய மரத்தின் வேருக்குக் கீழே ஏதோ மிருகம் முன்னொரு காலத்தில் தோண்டின வளைக்குள் புகுந்துவிட்டாள்.

வாமதேவன் குப்புற விழுந்து கையை உள்ளே விட்டார். எட்டவில்லை. "இசி! குஞ்சு, இசி!" உள்ளேயிருந்து ஒரு முனகல். பிறகு மண்ணைக் கீறுகிற சத்தம். அவள் இன்னும் உள்ளே போனாள்.

ழான்-லூக் பின்னால் வந்து நின்றார். "ஏன் போகச் சொன்னாய்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையில் விளங்காமல் கேட்டார்.

"நான் போகச் சொல்லவில்லை. வரச் சொன்னேன்."

"வா என்றாய். என் காதால் கேட்டேன், வாமா."

"எங்கள் பாசையில்..." வாமதேவன் வளைக்குள் இன்னும் கையை நீட்டினார். "எங்கள் பாசையில் அதுதான் இசி."

ழான்-லூக் தொப்பியைக் கழற்றினார். எவ்வளவோ வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த மனிசன், அவருக்கு இது தெரியாது. வாமதேவனின் தோளில் கையை வைத்தார். பிறகு, வேரை வெட்டினால் வளை இடிந்துவிடும், பக்கவாட்டாகத்தான் தோண்ட வேண்டும் என்று சொல்லி, வாகனத்திலிருந்து மண்வெட்டி எடுத்துவர நொண்டிக்கொண்டு போனார்.

வாமதேவன் தனியே கிடந்தார். முனகல் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. காயத்தோடு ஒன்று உள்ளே கிடக்கிறது, கிடக்கிற இடமும் தெரியும், கைதான் எட்டவில்லை. ஐயோ, எங்கேயென்று தெரிந்துமா விடப்போகிறேன் என்று நெற்றியை மண்ணில் குத்திக்கொண்டார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே போனை எடுத்துக் கோசலைக்கு அடித்தார்.

சேலைக்கடைச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது. "என்னப்பா, முடிஞ்சுதோ?"

"கோசலை, நான் வா எண்டு கத்திப்போட்டன்."

அவளுடைய தையல் மெசின் நின்ற சத்தம் கேட்டது.

"பன்றி அடிச்சுப்போட்டுது. வளைக்குள்ளை போட்டாள். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளுக்கை போறாள். நான்தான், கோசலை. நான்தான் அனுப்பினனான்."

"போனை அந்த வளை வாசலிலை வையுங்கோ."

"என்னத்துக்கு?"

"வையுங்கோ எண்டுறன். சத்தத்தைக் கூட்டி வையுங்கோ."

"வா எண்டு கிண்டு சொல்லிப்போடாதை! ஆழத்துக்குப் போயிடுவாள்!"

"விசர்க் கதை கதையாமல் வையுங்கோ!"

அவர் கையை நீட்டி, எட்டின மட்டும் உள்ளே போனை வைத்தார். கோசலை கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும், பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கூப்பிட்டாள்.

"வா குஞ்சு... வாடா என்ரை செல்லம். அம்மாட்டை வா. ஒண்டுமில்லை, வாம்மா... வா..."

எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் குரலில் கேட்கிறார்! வாமதேவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முடிந்தது, அடியோடு உள்ளே போகப்போகிறாள் என்று நினைத்தார். மண் அரைபடுகிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது இருட்டுக்குள் முதலில் மூக்குத் தெரிந்தது. குஞ்சு முன்னங்கால்களால் உடம்பை இழுத்து இழுத்து வந்து, போனுக்கு மேல் தாடையை வைத்துப் படுத்தாள். வாலை ஒருதரம் ஆட்டினாள். கோசலை இன்னும் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாதுதானே.

"வந்திட்டாள்," என்றார் வாமதேவன். மண்வெட்டியோடு வந்த ழான்-லூக், அவர் நாயை மடியில் வைத்துக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுவதைத்தான் கண்டார்.

மிருக வைத்தியர் கழுத்தையும் பின்தொடையையும் தைத்தார். வயிற்றுப் பக்கம் சட்டையில் பல் இழுத்த கோடு கிடந்தது, உள்ளே தோல் கீறுப்படவில்லை. "இது இல்லாவிட்டால் இங்கே கொண்டுவந்திருக்கமாட்டீர்கள். யார் தைத்தது?" என்று கேட்டார். பிழைத்துவிடுவாள், ஆனால் அந்தக் கால் இனி மடங்காது, காட்டுவேலை முடிந்தது என்றார்.

அன்றிரவு வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். "நீ அவளுக்கு எப்ப பழக்கினனீ?" என்று வாமதேவன் கேட்டார்.

"நான் பழக்கேல்லை." கோசலை கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு வீட்டிலை நானும் அதுவும்தானே. மிருணாவும் இல்லை. எனக்கு ஆரையாவது வா எண்டு கூப்பிட வேணும் போலை இருந்துது. கூப்பிட்டன். முதல்லை கதவுக்குத்தான் ஓடினது. பிறகு வந்துது. அதுக்கு விளங்கிப்போச்சு, என்ரை வா வேறை எண்டு."

வாமதேவனுக்குக் கோபம் வந்தது. தான் கட்டின ஒழுங்கைத் தன் வீட்டிலேயே நாள் தவறாமல் உடைத்திருக்கிறாள். அடுத்த கணமே அந்த உடைப்பால்தான் நாய் உயிரோடு கிடக்கிறது என்று நினைவு வர, கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. "அப்ப ஏன் அவள் காட்டுக்கை எனக்கு வரேல்லை?" என்று கேட்டார். அவருக்கே அது சின்னப்பிள்ளைக் கேள்வியாகப் பட்டது.

"உங்கடை வாயிலையிருந்து வந்தால் அது 'போ'தானே. நீங்கள் அப்பிடித்தானே சொல்லிக் குடுத்தனீங்கள்," என்றாள் கோசலை. குத்திக்காட்டவில்லை. தண்ணியை ஊற்றி அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் வா திரும்பிவந்தது. தில்லைநாயகி வந்தால் கோசலை மூன்றாம் மாடியிலிருந்தே "வாடி, வாடி!" என்று கத்துவாள். மிருணாளினி போன் எடுத்தால், "எப்ப வாறாய்? வா பிள்ளை" என்பாள். குஞ்சும் ஒருநாளும் கதவுக்கு ஓடவில்லை. காலை இழுத்துக்கொண்டு கோசலைக்குப் பின்னாலேயே குசினிக்கும் அறைக்குமாகத் திரிந்தாள். வாமதேவன் மட்டும் சொல்லவில்லை. அவர் இசி என்றால் குஞ்சு வருவாள். வந்து காலடியில் நிமிர்ந்து நின்று, அடுத்து என்ன என்று பார்ப்பாள். அது வேலை. கோசலையின் வாவுக்கு வருகிறபோது உடம்பு முழுக்க ஆடும், முகத்தை மடியில் புதைப்பாள். வாமதேவனுக்கு அது வேண்டுமாக இருந்தது. ஒருதரம் போதும் என்றிருந்தது.

வருசம் பிறந்து கொரோனா நோய்க்காலம் வந்து உணவகத்தை மூடினார்கள். வாமதேவன் நாள் முழுக்க வீட்டில். ஒரு பின்னேரம் கோசலை சாமான் வாங்கக் கீழே போயிருந்தாள். ஜன்னலடியில் வெயில் படுகிற இடத்தில் குஞ்சு படுத்திருந்தாள். வாமதேவன் கதிரையில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டளைக் குரலில் சொல்லக்கூடாது என்று நினைத்து, தொண்டையைச் செருமி, கோசலை சொல்கிற மாதிரியே மெல்லமாக, இழுத்து, "வா குஞ்சு... வாம்மா" என்றார்.

குஞ்சு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். காது நிமிர்ந்தது. முன்னங்காலை ஊன்றி, மடங்காத காலை இழுத்து, நோவோடு எழும்பினாள். வாமதேவன் இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் திரும்பி, அவரைத் தாண்டி, வாசல் கதவடிக்குப் போனாள். மூக்கைக் கதவோடு வைத்து, உடம்பை இறுக்கிக்கொண்டு, எப்போது திறப்பார் என்று காத்து நின்றாள். அந்தக் காலோடு, அந்தத் தையல் தழும்போடு, போ என்றால் இப்பவும் போகத்தான் நின்றாள்.

வாமதேவனின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டினபடி இருந்தது. பிறகு அவர் கதிரையை விட்டு எழும்பினார். இசி என்று கூப்பிடவில்லை. கதவடிக்குத் தானே போய், சப்பாத்துகளை ஒதுக்கிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.